தங்கச்சி பையனின் பல்

புதிதாகச் சேர்ந்த நான்கு பேரில் ஒருவர் தன் அக்காவின் கணவர் என்பதைப் பயிற்சியாளர் யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் முதல் நாள் மதியத்துக்குள் எல்லோருக்கும் தெரிந்துபோயிற்று. 'இணையத்தில் தேடுகிறவர் என்ன வார்த்தை போடுவார்?' என்று பலகையில் எழுதிவிட்டுத் திரும்பியவள், கையைத் தூக்கியிருந்தவரைப் பார்த்து, பழக்க தோஷத்தில், "சொல்லுங்க மாமா" என்றாள். அறையே சிரித்தது. அன்றிலிருந்து அலுவலகத்தில் அவருக்கு மாமா என்பதே பெயராகிவிட்டது. முதலாளிகூட அப்படித்தான் கூப்பிட்டார்.

மாமா அதுவரை ஒரு பத்திரிகையில் பிழை திருத்துபவராக இருந்தார். பத்திரிகையை மூடிய பிறகு வீட்டில் சும்மா உட்கார்ந்திருந்தார். அக்கா போனில் அழுதாள். தங்கை முதலாளியிடம் பேசினாள். "மூணு மாசம் பார்ப்போம்" என்றார் முதலாளி.

கடைகள், கிளினிக்குகளின் இணையப் பக்கங்களைத் தேடலில் முன்னுக்குக் கொண்டுவருவதுதான் அவர்கள் வேலை. பயிற்சிக்காக ஆளுக்கு ஒரு சின்ன வாடிக்கையாளரைக் கொடுத்தாள். மாமாவுக்குக் கிடைத்தது ஒரு பல் டாக்டர். மாமா 'பற்சிதைவும் அதன் நிவாரணமும்' என்று தலைப்புப் போட்டுக் கொண்டுவந்தார்.

"பல்லு வலிக்கிறவங்க இதையா தேடுவாங்க மாமா? என்ன போடுறாங்கன்னு பாருங்க."

திரையில் வரிசையாக வந்தன: பல்லு வலி தாங்கல என்ன செய்ய. கடவா பல் புடுங்கினா மூஞ்சி வீங்குமா.

மாமா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "படிக்கவே கூசுதேம்மா."

"வலியில இருக்கிறவங்க இலக்கணமா பார்ப்பாங்க?"

மற்ற மூவரும் கீபோர்டைக் குனிந்து பார்த்துக்கொண்டு சிரிப்பை அடக்கினார்கள். அடுத்தடுத்த வாரங்களில் அவர்களுடைய பக்கங்கள் ஒவ்வொன்றாக மேலே நகர்ந்தன. மாமாவுடையது மட்டும் இருந்த இடத்திலேயே கால் நீட்டிப் படுத்திருந்தது.

பிறகு ஒரு திங்கட்கிழமை, 'பக்கத்தில் பல் டாக்டர்' என்று தேடினால் அந்த கிளினிக் மேலே வந்து நின்றது. "பரவாயில்லையே, மாமா கலக்கிட்டாரு!" என்று முதலாளி எல்லோர் முன்னாலும் கை தட்டினார். அன்று மாலை அக்கா போன் செய்தாள். "காலையில பாட்டு முணுமுணுத்துக்கிட்டே ஷேவ் பண்றாருடி. எவ்ளோ நாளாச்சு தெரியுமா இதைப் பார்த்து!" தங்கைக்கும் மனம் நிறைந்திருந்தது. எப்படி மேலே வந்தது என்று அவள் தோண்டிப் பார்க்கவில்லை.

அந்த வாரமே டாக்டர் கூப்பிட்டார்.

"மேடம், நான் குழந்தைங்களுக்குப் பார்க்கிறதில்லைன்னு உங்களுக்குத் தெரியுமில்ல?"

"தெரியும் டாக்டர்."

"இன்னிக்கு ஒருத்தர் பொண்ணைத் தூக்கிக்கிட்டு ரெண்டு பஸ் மாறி வந்திருக்கார். கன்னம் இவ்ளோ பெருசா வீங்கியிருக்கு. குழந்தைங்களுக்கு நல்லா பார்க்கிறேன்னு யாரோ எழுதியிருக்காங்களாம், போனைக் காட்டறார். அந்தக் குழந்தை அழுகிற அழுகையில நான் யாருக்குன்னு பதில் சொல்றது?"

கிளினிக்கைப் பற்றிய கருத்துகளைத் திறந்தாள். எல்லாம் புதியவை. அவைதான் கிளினிக்கை மேலே தூக்கியிருந்தன. ஒன்று, ரோஜாப் படம் போட்டவர் எழுதியது: 'தங்கமான டாக்டர். என் தங்கச்சி பையனுக்குப் பல் புடுங்கினார். வாயைத் திறந்தான், மூடினான், அவ்வளவுதான்.'

எந்தக் கதையையும் 'அவ்வளவுதான்' என்று முடிக்கிற ஆள் அவளுக்குத் தெரிந்து ஒருத்திதான். அந்த அக்காவுக்கு இருப்பது ஒரே தங்கை. அந்தத் தங்கைக்கு இன்னும் கல்யாணமே ஆகவில்லை. கீழே இன்னொருவர் டாக்டரைப் புகழ்ந்துவிட்டு 'நன்றி, வணக்கம்' என்று முடித்திருந்தார். அது சித்தப்பா.

மாமா டீ ஆற்றிக்கொண்டிருந்தார். அவள் கேட்டதும் மறைக்கவில்லை.

"நம்ம ஆளுங்கதான் எழுதினாங்க. ஜனங்க பேசுற மாதிரி எழுதணும்னு நீதானேம்மா சொன்னே? எனக்கு அது வர மாட்டேங்குது. உங்க அக்காவுக்கு நல்லா வருது."

"அந்த டாக்டர்கிட்ட யாராவது போயிருக்கீங்களா?"

"இல்ல. நல்லவர்னு கேள்வி."

குழந்தையைத் தூக்கி வந்தவரைப் பற்றிச் சொன்னாள். டீ ஆற்றிய கை நின்றது. "பொண்ணு சின்னதா?" என்றார் மாமா.

"அஞ்சு வயசாம். நான் முதலாளிகிட்ட சொல்லியாகணும் மாமா."

"நீ சொல்லாதே. நானே போறேன்."

கதவு சாத்தியிருந்தும் முதலாளியின் குரல் வெளியே கேட்டது. பிறகு அவளையும் உள்ளே கூப்பிட்டார். "வேலை பழகிக்கிட்டு இருக்கிறவர் என்ன செய்யறார்னு நீ பார்க்க வேணாமா? மேல வந்ததும் நீயும்தானே பல்லைக் காட்டிக்கிட்டு நின்னே?" அன்றே எல்லாக் கருத்துகளையும் எடுக்க வைத்தார்கள். கிளினிக் மறுபடி கீழே போயிற்று.

அக்கா போனில் கொதித்தாள். "என் புருஷனைத் தலைகுனிய வெச்சிட்டியேடி!"

"அவரேதான் போய்ச் சொன்னார்க்கா."

"நீ கிளறாம இருந்திருந்தா அவர் ஏன் சொல்றார்?" அதோடு பேச்சு நின்றுபோயிற்று.

மாமா டாக்டரிடமிருந்து அந்தத் தகப்பனின் நம்பரை வாங்கிக் கூப்பிட்டார். வேறொரு இடத்தில் பல்லை எடுத்தாகிவிட்டது, பெண் பள்ளிக்கூடம் போகிறாள் என்று அவர் சொன்னார். பிறகு திட்டினார். மாமா போனை வைக்காமல் கடைசிவரை கேட்டுக்கொண்டிருந்தார்.

அதற்குப் பின் அனுமதி வாங்கிக்கொண்டு கிளினிக்கின் வரவேற்பு மேஜைக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். வருகிறவர்கள் அங்கே கேட்பதை எல்லாம் காதில் வாங்கினார். "சுகர் இருக்குங்க, புடுங்கலாமா?" "ஊசி போட்டா வாய் கோணிக்குமா?" திரும்பி வந்து கேள்வி பதிலாக ஒரு பக்கம் எழுதினார். கேள்விகள் கேட்டவர்கள் வாயில் வந்தபடியே இருந்தன. பதில்களை டாக்டரிடம் காட்டிச் சரிபார்த்திருந்தார். எல்லாவற்றுக்கும் மேலே, இங்கே குழந்தைகளுக்குப் பார்ப்பதில்லை என்று எழுதி, பார்க்கிற இரண்டு டாக்டர்களின் விலாசத்தையும் போட்டிருந்தார்.

"நாம வேலை செஞ்சு அடுத்தவனுக்கு ஆள் அனுப்பணுமா?" என்று முதலாளி முகம் சுளித்தார். "இருக்கட்டும் விடுங்க" என்று டாக்டரே சொல்லிவிட்டார்.

அந்தப் பக்கம் ஒரேயடியாகத் தாவவில்லை. மெல்ல மெல்ல ஏறித் தேடலின் முதல் பக்கத்து நடுவில் வந்து உட்கார்ந்தது. மூன்று மாதம் முடிந்ததும் மாமாவின் வேலை நிரந்தரமாயிற்று. அந்தச் செய்தியை அக்காவுக்குச் சொல்லப் பயிற்சியாளருக்குக் கை பரபரத்தது. ஆனாலும் போனை எடுக்கவில்லை.

அக்காவே கூப்பிட்டாள். "ஞாயித்துக்கிழமை சாப்பிட வா. அவருக்கு உன்கிட்ட என்னமோ கேட்கணுமாம். ஆபீஸ்ல எல்லார் முன்னாலயும் கேட்க வெட்கமா இருக்காம்."

"என்னவாம்?"

"எனக்கென்ன தெரியும்? வந்து கேட்டுக்கோ. நான் இன்னும் கோவமாத்தான் இருக்கேன்."

"சரிக்கா, வரேன்."

"சீக்கிரம் வா. காய் நறுக்க ஆள் வேணும்."