கத்திரி எடுத்த வாக்கியம்

கத்திரி என்று அவனுக்குப் பெயர் வைத்தது கூடப்பிறந்த அக்காதான். பேசுகிறவர்களின் 'ஆ', 'ம்', 'வந்து', 'என்ன சொல்றது' எல்லாவற்றையும் வெட்டி எறிந்து, எப்பேர்ப்பட்ட இழுவைப் பேச்சையும் வழுக்கிக்கொண்டு ஓட வைத்துவிடுவான். "என் தம்பி கை பட்டா வாய் குழறுறவங்ககூட மேடைப் பேச்சாளர் ஆயிடுவாங்க" என்று அக்கா வருகிறவர்களிடமெல்லாம் பீற்றிக்கொள்வாள். அவனும் பக்கத்தில் நின்று அசட்டுச் சிரிப்பு சிரிப்பான். பெருமைதான், வேறென்ன.

அக்கா பேசுவாள், தம்பி வெட்டுவான். இருவரும் சேர்ந்து நடத்திய பாட்காஸ்டுக்கு 'உள்ளது உள்ளபடி' என்று பெயர். பெயரில் ஒன்றும் குறைச்சலில்லை! அக்கா வீட்டுச் சின்ன அறைதான் ஸ்டூடியோ. சுவர் முழுக்கப் பழைய மெத்தையும் கம்பளியும் அடித்து வைத்திருந்தார்கள். மின்விசிறி போட்டால் அந்தச் சத்தமும் பதிவாகிவிடும் என்று அதையும் நிறுத்திவிடுவார்கள். உள்ளே உட்காருகிறவர் அடுப்பங்கரையில் உட்கார்ந்த மாதிரி வேர்த்து வழிவார். அக்கா அதையும் விட்டுவைக்கவில்லை. வேர்க்க வேர்க்க உட்கார்ந்தால் மனசில் இருப்பது தானாக வந்துவிடும் என்பாள்.

அந்த அறைக்குத்தான் ஒருநாள் அவள் வந்தாள். ஒரு காலத்தில் ஓட்டப் பந்தயத்தில் பதக்கம் பதக்கமாக வாங்கிக் குவித்தவள். இப்போது இடது காலை இழுத்து இழுத்து நடந்தாள். ஒரு மருத்துவமனையில் பிசியோதெரபிஸ்ட் வேலை. ஊரே 'மாஸ்டர்' என்று கையெடுத்துக் கும்பிடும் பெரிய பயிற்சியாளரைப் பற்றிப் பேச வந்திருந்தாள். சத்து ஊசி என்று சொல்லி, அடிபட்ட காலில் வலி தெரியாமல் இருக்க மருந்தைப் போட்டுப் போட்டு ஓடவிட்டார் என்றாள். எந்தப் போட்டி, எந்த அறை, கூட யார் இருந்தார்கள் என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள். ஒரு இடத்தில்கூடக் குரலை உயர்த்தவில்லை.

கடைசி ஊசிக்கு வந்தபோது மட்டும் அவள் நிறுத்தினாள். நரம்பில் ஏறி, காலைச் சாகடித்த ஊசி அது. மைக்கை விட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். தனக்குத்தானே பேசுகிறவள் போல மெல்லச் சொன்னாள்.

"அன்னிக்கு நான் குப்புறப் படுத்திருந்தேன். முகத்த நான் பாக்கல. அவர் குரல் மாதிரிதான் கேட்டுச்சு. ஆனா அசிஸ்டன்ட் கோச்சும் அங்கதான் இருந்தாரு. அவரும் அதே மாதிரிதான் பேசுவாரு. இத நான் சொல்லியாகணும்."

எதிரே இருந்த அக்காவுக்கு எவ்வளவு கேட்டதோ, ஹெட்போனில் கத்திரிக்கு ஒரு சொல் விடாமல் கேட்டது. நேர்மையான பெண் என்று மனசுக்குள் மெச்சிக்கொண்டான். மெச்சியவன்தான் மறுநாள் என்ன செய்தான் தெரியுமா?

அவன் வேலை செய்கிற விதம் அப்படி. முதலில் காதால் கேட்க மாட்டான். பேச்சு திரையில் அலை அலையாகத் தெரியும். மேடாக இருந்தால் பேச்சு, சப்பையாகக் கிடந்தால் வெற்றிடம். சத்தம் ஒரு அளவுக்குக் கீழே போன இடங்களையெல்லாம் மென்பொருளே தேடி எடுத்துவிட்டு இரண்டு பக்கத்தையும் ஒட்டிவிடும். அதை ஓடவிட்டுவிட்டு அவன் சாப்பிடப் போய்விடுவான். வந்தால் பாதி வேலை முடிந்திருக்கும். அன்றும் அப்படித்தான் போனான், சாப்பிட்டான், வந்தான். திரும்ப ஓடவிட்டுக் கேட்டபோது கடைசி ஊசி இப்படி இருந்தது:

"கடைசியா ஒரு ஊசி. அதோட என் கால் போச்சு. அந்த மாஸ்டர நான் அப்பா மாதிரி நெனச்சேன்."

நடுவில் இருந்த குப்புறப் படுத்ததும் இல்லை, அசிஸ்டன்ட்டும் இல்லை. மெல்லச் சொன்ன பாவத்துக்கு அவ்வளவும் வெற்றிடம் என்று போயே போய்விட்டது.

கத்திரி இன்னொரு முறை ஓடவிட்டுப் பார்த்தான். அக்காவைக் கூப்பிட்டுக் காட்டினான். "அக்கா, இங்க அவங்க முகத்த பாக்கலன்னு சொன்னாங்களே. திருப்பிப் போட்டுடட்டுமா?"

அக்கா கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். மூடிய கண்ணில் நீர் கோத்துக்கொண்டது. "டேய், புல்லரிக்குதுடா. இதப் போய் கெடுப்பியா? அந்த மனுஷன் மத்த ஊசியெல்லாம் போட்டாருல்ல? இத மட்டும் போடாம விட்டிருப்பாராக்கும்!"

"இருந்தாலும் அவங்க சொல்லியாகணும்னு..."

"ஆமா, வந்துட்டான் பெரிய அரிச்சந்திரன். இன்னிக்கு சாயங்காலம் போடலன்னா வேற யாராவது முந்திக்குவாங்க. விடு."

அவன் விட்டுவிட்டான். இதில் மென்பொருளைக் குறை சொல்லி என்ன பிரயோஜனம்? அதற்குக் காதுமில்லை, மனசாட்சியுமில்லை. இவர்கள் இரண்டு பேருக்கும் இரண்டும் இருந்தன. மாஸ்டரிடமும் ஒரு வார்த்தை கேட்க வேண்டும் என்று ஒரு முறை இருக்கிறதே என்பதற்காக, அக்கா மத்தியானம் அவருக்கு ஒரு மெசேஜ் தட்டிவிட்டாள். அவர் மைதானத்தில் இருந்திருப்பார், போனைப் பார்த்தாரோ இல்லையோ. சாயங்காலம் "மாஸ்டர் நமக்குப் பதில் சொல்ல மறுத்துட்டார்" என்று கணீரென்று நிகழ்ச்சியைத் தொடங்கினாள்.

அப்புறம் நடந்ததை ஊரே பார்த்தது. பஸ்ஸிலும் சலூனிலும் அலுவலக லிஃப்டிலும் அதே பேச்சு. கடைசி ஊசி வருகிற அந்தத் துண்டு தனியாகக் கிழிந்து போன் போனாகப் பறந்தது. மாஸ்டரின் அகாடமிக் கதவில் சாணி அடித்தார்கள். பிள்ளைகள் ஷூ பையோடு வந்து வாசலில் நின்றுவிட்டுத் திரும்பிப் போனார்கள். அகாடமியைப் பிறகு நடத்த வந்தவர் யார் என்கிறீர்கள்? சாட்சாத் அந்த அசிஸ்டன்ட் கோச்தான். செய்தியில் அவர் முகத்தைப் பார்த்தபோது கத்திரிக்குச் சோறு இறங்கவில்லை. அக்காவோ கேட்கிறவர் எண்ணிக்கையைப் பார்த்துப் பார்த்துப் பூரித்துக்கொண்டிருந்தாள்.

விளையாட்டுச் சங்கம் விசாரணைக் குழு வைத்தது. அந்தப் பெண்ணைச் சாட்சி சொல்ல வரச் சொன்னார்கள். அதற்கு முந்தின நாள் மாஸ்டரின் வக்கீல் பத்திரிகைக்காரர்களைக் கூட்டி ஒரு தாளைத் தூக்கிக் காட்டினார். கடைசி ஊசி போட்ட அன்று மாஸ்டர் ஊரிலேயே இல்லையாம். மனைவியின் ஆபரேஷனுக்காக வேறு ஊர் மருத்துவமனையில் கையெழுத்துப் போட்டுவிட்டு உட்கார்ந்திருந்தாராம். "ஒரு ஊசி பொய்யின்னா எல்லா ஊசியும் பொய்தான். நாளைக்கு அந்தம்மா வரட்டும், பாத்துக்கறோம்" என்றார் வக்கீல். சொல்லிவிட்டுச் சிரிக்க வேறு செய்தார்.

கத்திரிக்கு நிலைமை புரிந்தது. அவள் சொன்ன மற்ற ஊசிகள் அத்தனையும் நிஜம். அவற்றைப் போட்டவர் இந்த ஒன்றை வைத்துக்கொண்டு கையை வீசிக்கொண்டு வெளியே வந்துவிடுவார். காலையும் இழந்து பொய்க்காரி என்ற பெயரையும் சுமக்கப்போகிறவள் அவள். அன்று அவள் சொன்னதை அப்படியே நாளைக்கும் சொன்னால் போதும், வக்கீலின் தாள் வெறும் தாள் ஆகிவிடும்.

"முழுப் பதிவு எங்கடா?" என்றாள் அக்கா. முகம் வெளிறியிருந்தது.

அவன் கணினியைக் காட்டினான். "அது மேலயேதான் வெட்டினேன். அது மேலயே சேவ் பண்ணிட்டேன்."

"தனியா ஒரு காப்பி வெக்க மாட்டியா?"

"இடம் பத்தல. எப்பவும் அப்படித்தான செய்யறேன்."

அக்கா தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். "சரி, நாம வாயே திறக்க வேணாம். அவ சொன்னா, நாம போட்டோம். அவ்ளோதான்" என்றாள். பிறந்ததிலிருந்து அக்கா பேச்சைத் தட்டாதவன் அன்று செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டான். பின்னாலிருந்து அவள் கத்தியதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

அவள் வேலை பார்த்த மருத்துவமனையின் கீழ்த்தளத்தில் நீள அறை. சுவரில் முதுகெலும்புப் படம், ஓரத்தில் பிடித்து நடக்க இரட்டைக் கம்பி. ஒரு பெரியவரின் முழங்காலை மெல்ல மடக்கி நீட்டிக்கொண்டிருந்தாள் அவள். கத்திரியைப் பார்த்ததும் பெரியவரிடம் "இத நீங்களே பத்து தடவ செய்யுங்கப்பா, ஏமாத்தக் கூடாது" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தாள்.

அவன் எல்லாவற்றையும் கொட்டினான். சப்பையான அலை, சாப்பிடப் போனது, கண்டுபிடித்தது, விட்டது, மேலேயே சேவ் செய்தது. ஒன்றையும் மறைக்கவில்லை. "மன்னிச்சிடுங்கன்னு கேக்கக்கூட எனக்கு வாய் வரல. நாளைக்கு நீங்க அன்னிக்கு சொன்னத அப்படியே சொல்லிடுங்க. குப்புறப் படுத்திருந்தேன், முகத்த பாக்கலன்னு. நானும் வந்து, நாங்கதான் வெட்டினோம்னு சொல்றேன்."

அவள் திட்டுவாள் என்று நினைத்தான். அறைந்திருந்தால்கூட வாங்கிக்கொண்டிருப்பான். அவள் சுவரோடு சாய்ந்து, கெட்ட காலை லேசாகத் தூக்கி வைத்துக்கொண்டாள்.

"முதல் தடவ கேட்டப்பவே எனக்குத் தெரிஞ்சுது. உங்க அக்காவுக்கு மெசேஜ் போட்டேனே. நேரம் பத்தல, சின்னதா குறைச்சிருக்கோம்னாங்க."

அக்கா இதை அவனிடம் மூச்சுவிடவில்லை.

"அப்புறம் அத எத்தன தடவ கேட்டிருப்பேன்! அம்மா போட்டாங்க. வீட்டுக்காரர் போட்டாரு. இங்க வர்ற பேஷன்ட்டுங்க, நான்னு தெரியாம என்கிட்டயே போட்டுக் காட்டினாங்க. எல்லாரும் அழுதாங்க. நானும் அழுதேன். இப்ப கண்ண மூடினா நான் திரும்பிப் பாக்கறேன். மாஸ்டர் நிக்கறாரு. ஊசிய ட்ரேல வெக்கறாரு. அவர் சட்ட கலர்கூடத் தெரியுது."

"இல்லைங்க. நீங்க குப்புறப் படுத்திருந்தீங்க. நீங்களே சொன்னீங்க!"

"சொன்னேன்னு நீங்க சொல்றீங்க. சொன்ன ஞாபகம் எனக்கும் இருக்கு. ஆனா பாத்த ஞாபகமும் இருக்கே. நாளைக்கு சத்தியம் வாங்கிட்டுத்தான் கேப்பாங்க. நான் எத சொல்றது?"

உள்ளே பெரியவர் எண்ணிக்கொண்டிருந்தது கேட்டது.

"அன்னிக்கு நான் பேசினத முழுசா கேட்டது நீங்க ஒருத்தர்தான்" என்றாள் அவள். "நீங்களே சொல்லுங்க. நான் அவர் முகத்த பாத்தேனா, பாக்கலையா?"

அதில் கோபமே இல்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.