அழித்தாலும் வந்து நின்ற முகவரி

மஹ்ஜபீன் அந்த வரியை அழிப்பது இது நான்காவது தடவை. காலையில் வந்து பார்த்தால் திரும்பவும் அதே இடத்தில் குந்தியிருந்தது.

கள்ளக்குறிச்சியில் ஒரு ஜவ்வரிசி ஆலையின் அலுவலகம் அது. கம்ப்யூட்டர் சம்பந்தப்பட்ட எல்லாத் தலைவலிக்கும் அவள் ஒருத்திதான். சர்வரில் டிஎன்எஸ் என்று ஒரு பட்டியல் உண்டு. மற்ற கம்ப்யூட்டர்கள் பெயரைச் சொல்லிக் கேட்டால், இந்த முகவரிக்குப் போ என்று வழி காட்டுவது அதன் வேலை. இப்போது சர்வரின் பெயருக்கு நேரே இரண்டு முகவரிகள் இருந்தன. ஒன்று சரியானது. இன்னொன்று எங்கே முளைத்ததோ தெரியவில்லை. கல்வராயன் மலையில், வெள்ளிமலைக் கொள்முதல் நிலையத்துக் கம்ப்யூட்டருக்கு அந்தத் தப்பான முகவரி கிடைத்துவிட்டால் எடைச்சீட்டு வராது. சீட்டு இல்லாமல் வண்டியை இறக்க விடமாட்டார்கள். பிடுங்கிய மரவள்ளிக்கிழங்கோ இரண்டு நாள் கிடந்தால் கறுத்துவிடும். மூன்று நாளாக மலைக்காரர்கள் டிராக்டரோடு நின்று வைதுகொண்டிருந்தார்கள்.

ஊரெல்லாம் இடஒதுக்கீடு கேட்டு மறியல் நடந்த 2020 டிசம்பர் அது. மேனேஜர் டேவிட்டுக்கு எது கெட்டாலும் மறியல்காரர்கள் வேலைதான். கழிப்பறைக் குழாய் ஒழுகினால்கூட அதில் ஒரு சதியைப் பார்த்துவிடுவார்.

"அழிச்சா திரும்ப வருதுன்னா எவனோ எழுதறான்மா. உள்ளாளு ஒருத்தன் இருக்கான். கண்டுபிடி," என்றார்.

அவளுக்கும் அப்படித்தான் தோன்றிக்கொண்டிருந்தது. அன்றைக்குத்தான் எண்களை நிதானமாகப் பார்த்தாள். அது அலுவலகத்து எண்ணே இல்லை, பென்டிரைவ் மாதிரி செருகினால் இன்டர்நெட் தருகிற டாங்கிள் கொடுக்கிற எண். அவள் சர்வரின் பின்பக்கத்தைத் திரும்பிப் பார்த்தாள்.

ஐந்து நாளைக்கு முன் அவள் ஊரான உளுந்தூர்பேட்டையிலும் மறியல். பஸ் ஓடாததால் அவள் வீட்டிலேயே மாட்டிக்கொண்டாள். அலுவலகத்து இன்டர்நெட்டும் அன்று பார்த்துச் செத்துக் கிடந்தது. ஆலைக்குச் சீட்டு விவரம் போயாக வேண்டும். எழுத்தர் மாயவனுக்குப் போன் செய்தாள். நாற்பது வயது மனிதர். அலுவலகத்துக்குப் பக்கத்திலேயே வீடு.

"எங்காளுங்கல்லாம் ரோட்ல குந்திக்கினு இருக்காங்க மேடம். நான் மட்டும் ஆபீசுக்குப் போனா இன்னா நெனப்பாங்க?"

"பத்து நிமிஷ வேலைண்ணே. உங்க டாங்கிள சர்வருக்குப் பின்னாடி சொருகிட்டுப் போய்டுங்க. மீதிய நான் வூட்லேர்ந்தே பாத்துக்கறேன்."

மாயவன் போனார், செருகினார். அதற்காகத் தெருவில் கருங்காலி என்று பேச்சும் வாங்கினார். மறுநாள் அவர் டாங்கிளைத் திருப்பிக் கேட்டதற்கு, "இருக்கட்டும்ணே, இன்னொரு நாள் பஸ் நின்னா வேணும்ல," என்று சொன்னவளும் மஹ்ஜபீன்தான். பிறகு அதை அடியோடு மறந்துபோனாள். சர்வர் மறக்கவில்லை. டாங்கிளின் முகவரியும் தன்னுடையதுதான் என்று நினைத்துக்கொண்டு, அழிக்க அழிக்கப் பட்டியலில் எழுதிவைத்தது. உள்ளாளும் இல்லை, சதியும் இல்லை. செட்டிங்கில் 'பட்டியலில் எழுது' என்றிருக்கும் ஒரு டிக்கை எடுத்துவிட்டிருந்தால் போதும். எடுக்க வேண்டியவள் அவள்.

இப்போது எடுத்தாள். வரியை அழித்துவிட்டு, சர்வருக்குப் பின்னால் குனிந்து டாங்கிளையும் பிடுங்கினாள். நிமிர்ந்தபோது வாசலில் டேவிட் நின்றார். டாங்கிளின் மேல் ஸ்டிக்கர் ஒட்டி, பேனாவால் மாயவன் என்று எழுதியிருந்தது. அந்த அலுவலகத்தில் குடையிலிருந்து டிபன் கேரியர்வரை அப்படி எழுதிவைக்காவிட்டால் பொருள் தங்காது.

வெளி இணைப்பை சர்வரில் செருகினால் வேலை போய்விடும் என்று சுவரில் ஒரு நோட்டீஸ் உண்டு. அதை டைப் அடித்து ஒட்டியவளே அவள்தான்.

வருகைப் பதிவேட்டில் மறியல் அன்று மாயவன் பெயர் மட்டும்தான் இருந்தது. அவரைக் கூப்பிட்டார்கள்.

"மறியல் அன்னிக்கு எல்லாரும் லீவு. நீ மட்டும் இன்னாத்துக்கு ஆபீசுக்கு வந்த? யார் சொருவச் சொன்னா?"

மாயவன் மஹ்ஜபீனைப் பார்த்தார். நான்தான் சார் என்று இரண்டு வார்த்தை சொன்னால் முடிந்தது. அத்தா பஷீர் அகமது லாக்டவுனில் மூடிய துணிக்கடையை இன்னும் திறக்கவில்லை. நாலு பேர் சாப்பிடுவது அவள் சம்பளத்தில். வெட்கம் பிடுங்கித் தின்றது. ஆனாலும் அவள் கீபோர்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"யாரும் சொல்லல சார். நானாத்தான்," என்றார் மாயவன்.

சாயங்காலத்துக்குள் அவரை அனுப்பிவிட்டார்கள். போகும்போது அவள் மேசைக்கு வந்தார். திட்டப்போகிறார் என்று நினைத்தாள். திட்டினால் தேவலை என்றுகூட இருந்தது.

"மேடம், அது இனிமே வராதில்ல?"

"வராதுண்ணே."

"சரி. மலைல வண்டிங்கல்லாம் நின்னுகினு இருந்திச்சி, பாவம்."

அவர் படியிறங்கினார். மேனேஜர் அறை பத்தடி தூரம்தான், கதவும் திறந்துதான் இருந்தது. மஹ்ஜபீன் நாற்காலியைவிட்டு எழுந்திருக்கவில்லை.