நாளைக்காரர் தைத்த நாலு கைக் கோட்டு

அருங்காட்சியகத்து டைனோசர் எலும்புக்கூடு தன் கோட்டை வாங்கிப்போக ஒரு வெள்ளிக்கிழமை காலையில் தையற்கடைக்கு வந்தது. கடையின் ஷட்டர் அப்போதுதான் பாதி ஏறியிருந்தது. எதிர்ச்சாரியில் மாடியில் இருந்த பல் மருத்துவர், தன் ஜன்னலுக்கு வெளியே ஒரு தலை நிற்பதைப் பார்த்துவிட்டு, இந்த வயதுக்குப் பற்கள் நன்றாகவே இருக்கின்றன என்று மட்டும் சொன்னார். தெருவில் யாரும் பெரிதாகக் கலவரப்படவில்லை. சொன்ன நாளில் போனால் தைத்தது கிடைத்துவிடும் என்று அந்தக் கடையை நம்பி ஒரு ஜீவன் வந்து நிற்கிறதே என்பதுதான் எல்லோருக்கும் அதிசயமாக இருந்தது.

ஏனென்றால் அந்தத் தையற்காரருக்குத் தெருவில் வழங்கிய பெயரே நாளைக்காரர். தொழில் சுத்தம், அதில் யாரும் குறை சொல்ல முடியாது. வாய்தான் தகராறு. துணியில் கத்தரியே பட்டிருக்காது, "எல்லாம் முடிஞ்சாச்சுங்க, பொத்தான் மட்டும்தான் பாக்கி, நாளைக்கு வாங்க" என்று சிரித்த முகமாகச் சொல்லுவார். கல்யாணத்துக்கென்று கொடுத்த சட்டையை முதல் குழந்தை பிறந்த பிறகு வாங்கிப்போனவர்கள் அந்தத் தெருவிலேயே இருந்தார்கள். கடையில் அளவெடுப்பதும் வெட்டுவதும் அவர் மனைவி. காஜா போடுவது, கொக்கி வைப்பது, வாடிக்கையாளர் சத்தம் போடும்போது தலையைக் குனிந்துகொள்வது ஆகிய மூன்றும் மனைவியின் தம்பி பொறுப்பு. வெட்டி விழுந்த துணிகளின்மேல் படுத்துத் தூங்கியே வளர்ந்தவள் மகள். ஆறு நாளும் தையல் மெஷின்கள் போடும் இரைச்சலில் இவர்கள் பேசுவது இவர்களுக்கே கேட்காது. சண்டைகூடப் பாதியில் நின்றுவிடும்.

ஞாயிற்றுக்கிழமை வந்தால் நால்வரும் இஸ்திரி போட்ட உடுப்போடு அருங்காட்சியகத்துக்குப் போவார்கள். ஒரு பக்கம் அறிவியல் கூடம், மறுபக்கம் இயற்கை வரலாறு. மைத்துனர் நேராக ஆளை உப்பலாகக் காட்டும் கண்ணாடிக்கு முன்னால் போய் நின்றுகொள்வார். "இங்க வந்தாதான் எனக்கும் உடம்புன்னு ஒண்ணு இருக்கு" என்பார். மகள், தொட்டால் தலைமயிர் எழுந்து நிற்கும் உலோக உருண்டையைத் தொட்டுவிட்டு, எழுந்த முடியோடு பட்டாம்பூச்சிப் பெட்டிகளைப் பார்க்க ஓடுவாள். நாளைக்காரரும் மனைவியும் கூரையிலிருந்து தொங்கும் பெரிய ஊசலின் எதிரே பெஞ்சில் உட்கார்ந்து, வாரம் முழுக்கச் சேர்ந்துபோன பேச்சையெல்லாம் பேசுவார்கள், பாதியில் நின்ற சண்டையை முடித்துச் சமாதானமும் ஆவார்கள். இத்தனை பெரிய யந்திரம் சத்தமே போடாமல் வேலை செய்கிறது என்று அவருக்கு அதன்மேல் தனி மரியாதை. கடைசியாக எல்லோரும் டைனோசர் முன்னால் கூடி, அண்ணாந்து பார்த்துவிட்டு வீடு திரும்புவார்கள். உலகத்தில் அவர்களுக்கு இருந்த சந்தோஷம் அது ஒன்றுதான் என்று சொன்னால் மிகையில்லை.

தவறு நடந்ததும் அங்கேதான். குளிர்காலம் தொடங்கிய ஞாயிறு அது. "ஏம்மா, இதுக்குக் குளிராதா?" என்று மகள் கேட்டாள். அம்மாவின் கழுத்திலிருந்து இஞ்ச் டேப் எந்த நாளிலும் இறங்கியதில்லை. பழக்கதோஷத்தில், மேடையைச் சுற்றிக் கட்டியிருந்த கயிற்றுக்கு மேலே எக்கி ஒரு காலை அளந்தாள். ஒன்றை அளந்துவிட்டு மற்றதை விட அவளுக்கு மனம் வராது. எட்டாத இடத்துக்கு மைத்துனரின் தோள்மேல் மகளை ஏற்றிவிட்டு, முதுகு, மார்பு, தெருவிளக்குக் கம்பம்போல் நீண்ட கழுத்து எல்லாவற்றையும் அளந்து முடித்தார்கள். மனைவி அளவு சொல்லச் சொல்ல நாளைக்காரர் திருப்பிச் சொல்லி மனதில் வாங்கிக்கொண்டார். முடித்ததும், அளவு கொடுத்த எவருக்கும் சொல்வதையே டைனோசருக்கும் சொன்னார்: "வெள்ளிக்கிழமை வந்து வாங்கிக்குங்க." குடும்பம் முழுக்கச் சிரித்தது. எலும்புக்கூடு அதை வேடிக்கையாக எடுத்துக்கொள்ளவில்லை.

வெள்ளிக்கிழமை அதை வாசலில் பார்த்த நாளைக்காரர் ஒரு கணம்கூடத் தடுமாறவில்லை. "வாங்க வாங்க, பொத்தான் மட்டும்தான் பாக்கி. நாளைக்கு வாங்க" என்றார். எலும்புக்கூடு தலையாட்டிவிட்டுப் போயிற்று. மறுநாள் வந்தது. அதற்கடுத்து கடை திறந்த எல்லா நாளும் வந்தது. பகல் முழுக்கக் கடை வாசலில் நிற்கும், சாயங்காலம் அருங்காட்சியகம் பூட்டுவதற்குள் போய் மேடையில் ஏறிக்கொள்ளும். மழைக்கோ வெயிலுக்கோ அதனடியில் ஒதுங்க வழியில்லை, அதற்கு உடம்பில் ஏதாவது இருந்தாக வேண்டும். தபால்காரருக்குச் சைக்கிள் சாத்த மட்டும் தோதாக இருந்தது. நாளைக்காரரோ வந்த வாய்ப்பை விடவில்லை. யார் கோபமாகப் படியேறினாலும், "உங்களுக்கு முன்னாடி அவரு நிக்கிறாரு பாருங்க, அவரே ஒரு வார்த்தை பேசலை" என்று வெளியே கையைக் காட்டினார்.

பள்ளிப் பிள்ளைகள் பஸ் பஸ்ஸாக வந்து வெறும் மேடையைப் பார்த்துவிட்டுப் போனார்கள். மேடையில் 'சற்று வெளியே சென்றிருக்கிறது' என்று ஒரு அட்டை வைத்துப் பார்த்த அருங்காட்சியக இயக்குநர் அம்மாள், ஒருநாள் பொறுக்கமாட்டாமல் கடைக்கே வந்துவிட்டார்.

"இதை வரச் சொன்னது யாரு?"

மைத்துனர் வழக்கம்போலத் தலையைக் குனிந்துகொண்டார். நாளைக்காரர் பொத்தான் பற்றி ஏதோ சொல்ல ஆரம்பித்தார்.

"கோட்டு அது கைக்கு வர்ற வரைக்கும் உங்க குடும்பத்துல ஒருத்தரும் எங்க வாசல்ல கால் வைக்கக் கூடாது, டெய்லர்" என்றார் இயக்குநர். குரலை உயர்த்தாமல்தான் சொன்னார். வேறு யாராக இருந்தாலும் போலீஸுக்குப் போயிருப்பார்கள்.

அந்த ஞாயிறு நால்வரும் இஸ்திரி போட்ட உடுப்போடு வீட்டிலேயே உட்கார்ந்திருந்தார்கள். பூங்காவுக்குப் போய்ப் பார்த்தார்கள், அங்கே பேச்சு வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறு செய்வதறியாமல் நாளைக்காரர் மெஷினில் போய் உட்கார, ஏழாவது நாளும் இரைச்சலாயிற்று. மைத்துனர் இளைத்துவிட்டதாகத் தெருவில் பேசிக்கொண்டார்கள், உண்மையில் அவர் எப்போதும் அந்த அளவுதான். முடியாத சண்டைகள் வீட்டில் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்ந்தன. மகள் தனியாகப் போய் அருங்காட்சியகத்தின் கம்பிக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டு வந்தாள். வந்தவள் அப்பாவின் மெஷினைக் கையால் பிடித்து நிறுத்தினாள். "அப்பா, நாளைக்குன்னா எப்பப்பா?" என்று கேட்டாள். குறும்பாகக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். அதுவரை எத்தனையோ பேர் அவரைத் திட்டியிருக்கிறார்கள், இப்படி யாரும் கேட்டதில்லை. நாளைக்காரருக்கு வெட்கமாகப் போயிற்று. மறுநாள் காலையில் எலும்புக்கூட்டின் முன்னால் போய் நின்று, "வர்ற வியாழக்கிழமை" என்று மட்டும் சொன்னார். பொத்தானைப் பற்றிப் பேசவில்லை.

மற்ற வேலைகள் எல்லாம் மூலைக்குப் போயின. துணிக்கு எங்கே போவது என்று திகைத்தபோது, இயக்குநர் கோளரங்கத்து வாசலில் கிடந்த பழைய கருநீலத் திரையைக் கொடுத்தனுப்பினார். அதில் நட்சத்திரங்கள் இன்னும் நிறைய ஒட்டிக்கொண்டிருந்தன. மைத்துனர் அவற்றைப் பிய்த்து எடுத்துத் துடைத்து, கழுத்து நெடுக மார்பு வரைக்கும் பொத்தானாக வைத்தார். ஆயுசுக்கும் போட்ட காஜாவை அந்த ஒரு கழுத்துக்குப் போட்டதாகப் பின்னால் சொல்லிக்கொண்டிருந்தார். கோட்டுக்கு நாலு கையா, இல்லை ரெண்டு கையும் ரெண்டு காலுமா என்று நாளைக்காரருக்கும் மைத்துனருக்கும் பலத்த வாக்குவாதம் நடந்து, கடைசியில் நாலும் கை என்று முடிவாயிற்று. மனைவி வெட்டும்போதுதான் உண்மையான சண்டை வந்தது. தோளிலும் விலாவிலும் கைகளிலும் சாண் கணக்கில் துணியை உள்ளே மடித்து விட்டிருந்தாள்.

"எதுக்கு இவ்வளவு துணி உள்ள விடறே? தொளதொளன்னு நிக்கும்" என்றார் நாளைக்காரர்.

"அது நிக்கிற மேடையில பலகை இருக்கே, அதுல என்ன எழுதியிருக்கு, சொல்லுடி" என்றாள் மனைவி.

மகளுக்கு அது மனப்பாடம். "சிறு பிராயத்தில் இறந்தது. முழு வளர்ச்சி அடையாதது."

"கேட்டீங்களா? வளர்ற பிள்ளை."

"அது செத்து எத்தனை கோடி வருஷமாச்சு! இனிமே எங்க வளரப்போகுது?"

"எனக்குத் தெரியாதுங்க. சின்னப் பிள்ளைக்கு உள்ள துணி விடாம நான் வெட்டினதில்லை. இதுக்கு மட்டும் எப்படி மனசு வரும்?"

அவள் கண்ணில் நீர் நின்றதைப் பார்த்து நாளைக்காரர் தைக்க உட்கார்ந்தார்.

வியாழக்கிழமை காலையில் கோட்டு தயாராக இருந்தது. தெருவில் மற்ற கடைக்காரர்கள் வேலையை விட்டுவிட்டு வந்து, கோட்டைவிட, சொன்ன நாளில் முடிந்திருப்பதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்கள். ஏணி போட்டு மைத்துனர் பொத்தான்களை மாட்டினார். எலும்புக்கூடு பல் மருத்துவரின் ஜன்னல் கண்ணாடியில் இப்படியும் அப்படியும் திரும்பிப் பார்த்துக்கொண்டது. நாளைக்காரர் சொன்னதுபோலவே தொளதொளவென்றுதான் இருந்தது, ஆனால் அது ஆட்சேபம் சொல்லவில்லை. மெதுவாக நடந்து போய் மேடையில் ஏறி நின்றது. ஞாயிற்றுக்கிழமை இயக்குநரே கதவைத் திறந்துவிட்டார். மைத்துனர் கண்ணாடிக்குப் போனார். மகளுக்கு முடி எழுந்து நின்றது. நாளைக்காரரும் மனைவியும் ஊசலுக்கு எதிரே உட்கார்ந்து, சேர்ந்திருந்த சண்டைகளை ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டு முடிக்கவே சாயங்காலமாகிவிட்டது. அவ்வளவு நிறைவாக அவர்கள் வீடு திரும்பிய நாள் அதற்கு முன் இல்லை.

பிறகு வருஷங்கள் போயின. மற்ற வாடிக்கையாளர்களுக்கு நாளைக்காரர் நாளைக்காரராகவே இருந்தார். மைத்துனருக்கு நிஜமாகவே உடம்பு போட்டுவிட்டதால் உப்பலாகக் காட்டும் கண்ணாடியை விட்டுவிட்டு ஒல்லியாகக் காட்டும் கண்ணாடிக்கு மாறினார். மகள் வெட்டுமேசையில் அம்மாவுக்கு எதிரே நிற்கத் தொடங்கினாள். அருங்காட்சியகத்துக்கு வந்த பிள்ளைகள் டைனோசர்கள் கோட்டுப் போடுமென்றே படித்து வளர்ந்தார்கள்.

அப்புறம் ஒரு வெள்ளிக்கிழமை காலையில், ஷட்டர் பாதி ஏறியிருந்தபோது, அது மறுபடியும் வாசலில் வந்து நின்றது. தலை இப்போது பல் மருத்துவரின் ஜன்னலைத் தாண்டி மொட்டைமாடிச் சுவரில் இருந்தது. நாலு கையும் ஏறிப்போயிருந்தன. மார்பில் நட்சத்திரப் பொத்தான் காஜாவுக்கு எட்டாமல் விரிந்து நின்றது. நாளைக்காரர் வாயைத் திறந்தார். மகளைப் பார்த்தார். "கழட்டிக் கொடுங்க, இப்பவே பிரிச்சு விட்டுத் தர்றேன்" என்றார். மனைவி மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு தையலைப் பிரித்தாள். மகள் மடிப்பை இழுத்துவிட்டு இஸ்திரி போட்டாள், நாளைக்காரர் மெஷினில் ஓட்டிக் கொடுத்தார். சாயங்காலம் மேடையைப் பார்த்த இயக்குநர், பலகையில் இருந்த 'அடையாதது' என்ற சொல்லை மட்டும் அடித்துவிட்டு, 'அடைந்துவருகிறது' என்று எழுதினார்.

கோட்டைக் கொடுக்குமுன் மகள் உள்மடிப்பை விரலால் தடவிப் பார்த்திருந்தாள். இன்னும் துணி இருந்தது.