கழுவ ஒரு ஆள் போதும்

ப்ரோக்ராமை மறுபடியும் ஓட்டிப் பார்த்தேன், மறுபடியும் அம்மா பேருக்கு நேராகப் பூஜ்யம்தான்... மதலேனாள் பூஜ்யம், ஆசியா ஒன்று. லேப்டாப் வெளிச்சம் பாயில் படுத்திருக்கும் அம்மா முகத்தில் விழாமல் திருப்பி வைத்துக்கொண்டேன், முழித்துக்கொண்டு என்னவென்று கேட்டால் என்ன சொல்வது, உன்னை வேலையிலிருந்து எடுத்துவிட்டேன் என்றா? நான் எடுக்கவில்லை, கணக்கு எடுத்தது... கணக்கைப் போட்டது யார்?

சுருளிப்பட்டி ரோட்டுத் திராட்சை ஜூஸ் கம்பெனியில் அம்மாவும் ஆசியாக்காவும்தான் டேங்க் கழுவுகிறவர்கள். கறுப்புத் திராட்சை ஓடி முடிந்து வெள்ளையை ஏற்றுவதென்றால் சாயம் ஒட்டாமல் காஸ்டிக் சோடா போட்டுச் சுடுதண்ணீரில் கழுவியாக வேண்டும், ஆர்டர் வந்த வரிசையிலேயே கறுப்பு, வெள்ளை, கறுப்பு, வெள்ளை என்று ஓட்டுவார்கள், அம்மாவுக்கு விரல் இடுக்கெல்லாம் வெடித்துப்போய், குழம்பு பட்டால் எரிகிறதென்று ஸ்பூனில் சாப்பிடுகிறாள். பாலிடெக்னிக்கிலிருந்து என்னை அங்கேயே பயிற்சிக்கு அனுப்பினார்கள், எந்த ஆர்டரை எப்போது ஓட்டுவது என்று அட்டவணை போடுகிற ப்ரோக்ராமை மேனேஜர் அஜய்குமார் சார் என்னிடம் கொடுத்து, எதைக் குறைக்கணுமோ அதைச் சொல்லு, மிச்சத்தை அது பாத்துக்கும் என்றார். கரண்ட் என்று சொல்லியிருக்கலாம், டீசல் என்று சொல்லியிருக்கலாம், கழுவுவதைக் குறை என்று சொன்னேன், அந்த விரலுக்காகத்தான் சொன்னேன்... வெள்ளையெல்லாம் முதலில், கறுப்பெல்லாம் அப்புறம், கடைசியில் ஒரே ஒரு கழுவல். இன்றைக்கு அப்படியே ஓட்டினார்கள். ஆசியாக்கா கைதட்டினாள், "மதலேனக்கா, ஒம் மக நம்மளயும் சேர்ல உக்கார வச்சுட்டாளே!" அம்மாவுக்கு வெட்கம், "சும்மா கெட, மேனேஜரு வர்றாக" என்றாள். வந்தார், என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "சூப்பரும்மா அருள்செல்வி. அப்ப கழுவ ஒரு ஆளு போதும்ல? யாருன்னு அந்த ப்ரோக்ராம்கிட்டயே கேட்டுரு, காலையில போர்டுல ஒட்டிருவோம்." தலையாட்டினேன். ஏன் ஆட்டினேன்?

அதிகமாக லீவு போட்ட ஆளை அது கழிக்கிறது. ஞாயிறு காலை அம்மா மாதா கோயில் பூசைக்குப் போவாள், அவள் வேலையையும் ஆசியாக்காவே சேர்த்துக் கழுவுவாள், வெள்ளிக்கிழமை மதியம் ஆசியாக்கா வீட்டுக்காரர் ஜும்மா தொழுகைக்குப் போகிற நேரம் அவள் போய் அவர் கடையில் உட்காருவாள், அப்போது அம்மா சேர்த்துக் கழுவுவாள்... ஞாயிறு அரைநாள் லீவாக ஏறிவிடுகிறது, வெள்ளிக்கிழமை கொஞ்ச நேரம்தானே என்று யாரும் ஏற்றுவதில்லை. இரண்டு பேரும் ஒருத்தி தோளில் ஒருத்தி சாய்ந்துதான் நிற்கிறார்கள், அதை எந்தக் கட்டத்தில் போடுவது? ஞாயிறுகளை அழித்துப் பார்த்தேன், பூஜ்யம் ஆசியாக்காவுக்குத் தாவியது, சட்டென்று ஒரு சந்தோஷம் வந்தது எனக்கு, வந்ததே, அழித்த ஞாயிறுகளை உடனே திரும்பப் போட்டேன். இரண்டு பேரும் கட்டாயம் வேண்டும் என்று போட்டேன், தீர்வு இல்லை என்று சிவப்பில் வந்தது. பழைய வரிசையையே திரும்பப் போட்டுவிடலாமா, விரல் வெடித்தாலும் வேலை இருக்குமே... ஒரு கழுவல் போதும் என்பதைச் சார்தான் கண்ணால் பார்த்துவிட்டாரே. யாரிடம் சொல்வேன், எதுவானாலும் இத்தனை வருஷமும் அம்மாவிடம்தானே சொல்லியிருக்கிறேன். அவள் புரண்டு படுத்தாள், கண்ணைத் திறக்காமலே கேட்டாள், "ஏத்தா, இன்னுமா தூங்கல... நாளைக்கு எனக்கு எந்த ஷிப்டு போட்ருக்க?"