கதிர் பி.ஏ.

பதினாறு வருடமாக ஆஸ்பத்திரியில் ஆயா வேலை பார்ப்பவள் அவள். உதவிச் செவிலியர் பயிற்சியில் சேரப் பத்தாம் வகுப்புக் கணக்கில் தேற வேண்டும். வயதும் நாற்பது ஆகியிருக்கக் கூடாது. முப்பத்தொன்பது முடியப் போகிறது. இரண்டு முறை கோட்டைவிட்டாகிவிட்டது.

பள்ளியில் கணக்கு டீச்சரான நாத்தனார் ஞாயிறுதோறும் வந்து சொல்லிக்கொடுத்தாள். துணி காயப்போடும் கொடியில் மூன்று கிளிப்புகளை மாட்டி, வரிசையாக ஏ, பி, சி என்று பெயர் வைத்தாள். கதிர் என்றால் ஒரு புள்ளியில் புறப்பட்டு ஒரே பக்கமாகப் போகும் கோடு, அதற்கு இரண்டெழுத்துப் பெயர். முதல் எழுத்து அது புறப்படும் இடம். அடுத்தது அது போகும் பக்கம். ஏ-யில் புறப்பட்டால் அடுத்த எழுத்தாக பி-யைச் சொன்னாலும் சி-யைச் சொன்னாலும் அது ஒரே கதிர்தான். பி-யில் நின்று ஏ பக்கம் போவதும் சி பக்கம் போவதும் எதிரெதிர்க் கதிர்கள்.

"கதிர் பி.ஏ.ன்னா படிச்ச மாப்பிள்ளை பேரு மாதிரில்ல இருக்கு" என்றாள் அவள்.

"அப்போ கதிர் பி.சி. போலீஸ்கார மாப்பிள்ளை. ரெண்டு பேருக்கும் ஆகவே ஆகாது அண்ணி."

தேர்வில் கதிர் பி.ஏ.வும் கதிர் பி.சி.யும் எப்படிப்பட்டவை என்ற கேள்வியே வந்தது. சிரிப்பை அடக்கிக்கொண்டு 'எதிர்க் கதிர்கள்' என்று குறித்தாள்.

தேற முப்பத்தைந்து வேண்டும். வந்தது முப்பத்துநான்கு. விடைக்குறிப்பில் அந்தக் கேள்விக்கு 'ஒரே கதிர்' என்று அச்சாகியிருந்தது.

விடுப்பு எடுத்துக்கொண்டு தேர்வு அலுவலகத்துக்குப் போனாள். அங்கிருந்த அதிகாரி பழைய உறையின் பின்பக்கம் கோடு கிழித்து, மூன்று புள்ளி வைத்து, நெடுநேரம் பார்த்தார்.

"நீங்க எழுதினதுதாம்மா சரி."

ஆனால் ஆட்சேபம் சொல்ல ஐந்து நாள் கொடுத்திருந்தார்களாம். அந்த ஐந்து நாளும் காய்ச்சல் வார்டு நிரம்பி வழிந்தது. அவள் வீட்டுக்கே போகவில்லை. முடிவு வெளியான பிறகு மாற்ற வழியில்லை, அடுத்த முறை எழுதுங்கள் என்றார்.

"அடுத்த தடவைக்குள்ள வயசு தாண்டிடும் சார்."

அவர் உறையை மடித்து மேஜைக்குள் வைத்துக்கொண்டார்.

நாத்தனார் விடவில்லை, இரண்டு மனு போட்டாள். இரண்டுக்கும் ஒரே பதில் வந்தது. மூன்றாவதை எழுத உட்கார்ந்தவளிடம், போதும், உனக்கும் வேலை இருக்கிறது என்று இவளே சொல்லிவிட்டாள். நாற்பது பிறந்த அன்று அவளுக்குக் காலை ஷிப்ட்.

மறுமாதம் பயிற்சிக்குப் புதிதாக ஒன்பது பேர் வந்தார்கள். வார்டைச் சுற்றிக்காட்டும்படி தலைமைச் செவிலியர் அவளிடம்தான் சொன்னார். போர்வை அலமாரி, மருந்து அறை, அழுக்குத்துணிக் கூடை என்று காட்டிக்கொண்டே போனாள்.

"இவ்வளவு தெரிஞ்சிருக்கே, நீங்க ஏன்க்கா படிக்கல?" என்று ஒரு பெண் கேட்டாள்.

"படிச்சேன்மா" என்றாள். ஏழாவது படுக்கையில் கிழவர் வாந்தி எடுத்திருந்தார். வாளியைத் தூக்கிக்கொண்டு போனாள்.