சந்தியோகுவின் மெயில் திறக்கவில்லை

திரையின் நடுவில் அந்த வட்டம் சுற்றிக்கொண்டேயிருந்தது. ஜெசிதா மடிக்கணினியைக் கட்டிலில் வைத்து, அதன் முன்னால் சப்பாணி கட்டி உட்கார்ந்திருந்தாள். கதவுக்கு அப்பால் ஹோலில் அவளுடைய அப்பா சந்தியோகு, வெள்ளைச் சேர்ட்டும் கழுத்தில் ரையுமாகப் பெட்டிக்குள் கிடந்தார். உயிரோடு இருக்கும்போது ரை கட்டச் சொல்லியிருந்தால் குருநகர்க் கடலில் குதித்திருப்பார்.

"பதில் வந்ததோ பிள்ளை?" மார்கிரட் மாமி கதவால் தலையை நீட்டினாள். அப்பாவின் தங்கை. விடியத்தொடக்கம் இதே கேள்விதான்.

"மெயிலே திறக்குதில்லை மாமி."

"ஒருக்கா ஓஃப் பண்ணிப் போட்டுப் பாரன்."

செத்த வீட்டில் அடுப்பு மூட்டமாட்டார்கள். புத்தி சொல்வதற்கு மட்டும் ஒரு குறையும் இருக்காது.

தம்பி ஜெனிஸ்ரன் சரக்குக் கப்பலில் வேலை செய்கிறான். அந்தப் பழங்கப்பலில் கரை காணாத நாட்களில் வாட்ஸ்அப்பும் இல்லை, ஒன்றும் இல்லை. கப்பலின் மெயில் மட்டும்தான். அதுவும் வேலைக்குச் சேரும்போது எழுதிக்கொடுத்த ஒரேயொரு விலாசத்துக்குத்தான் போகும். அவன் கொடுத்தது அப்பாவுடையதை. கடற்றொழிலாளர் சங்கம் அப்பாவுக்குக் கொடுத்திருந்த மெயில் அது. நேற்றுக் காலை அப்பா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்த பிறகு, கொழும்பிலிருக்கும் கப்பல் ஏஜென்ட் செய்தியைக் கப்டனுக்கு அனுப்பிவிட்டார். இறங்க விடுவார்களோ இல்லையோ, ஜெனிஸ்ரனே வீட்டுக்கு மெயில் போடுவான் என்றார். இன்றைக்குப் பௌர்ணமி, போயா விடுமுறை. ஏஜென்டின் ஃபோன் அடித்து அடித்து ஓய்கிறது.

அவன் வருவதென்றால் பெட்டியைத் திரும்பச் சவம் பாதுகாக்கும் மலர்ச்சாலையில் வைக்கலாம். வரமாட்டான் என்றால் பின்னேரமே எடுக்க வேண்டும். குழி வெட்டியாகிவிட்டது. பங்குச் சுவாமி முடிவு கேட்டு இரண்டுதரம் ஆள் அனுப்பிவிட்டார். அம்மா அருமைநாயகியோ பெட்டியின் விளிம்பைப் பிடித்தபடி ஒன்றைத்தான் சொன்னாள்.

"என்ரை பிள்ளையின்ரை பதில் வராமல் மூட விடமாட்டன்."

ஜெசிதாவுக்கு வேலையே இதுதான். யாழ்ப்பாணத்தில் ஒரு கம்பனியில் ஆட்களுடைய கணினி மக்கர் பண்ணினால் இவளைத்தான் கூப்பிடுவார்கள். ஃபோன் இணைப்பிலிருந்து பக்கத்து வீட்டு வைஃபைக்கு மாறினாள். வேறு பக்கங்கள் சட்டென்று திறந்தன. ஆக, இணைப்பில் பிழையில்லை. வேறு உலாவியில் போட்டாள். அதே வட்டம். அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகரும் என்பார்கள். இது அம்மியைவிடப் பாரமாக இருந்தது.

அழுகை வரவில்லை. நேற்றிலிருந்தே வரவில்லை. யாரோ ஒரு வாடிக்கையாளரின் பழுதைப் பார்ப்பதுபோலக் கை தன்பாட்டில் வேலை செய்தது. அது அவளுக்கே பயமாக இருந்தது.

கடிதங்களைத் தொடாமல் நேரே அமைப்புகள் பக்கத்துக்குப் போனாள். அது திறந்தது. அப்பா ஒரே பக்கத்தில் இருநூறு கடிதங்கள் காட்டும்படி வைத்திருந்தார். 'அடுத்த பக்கம்' என்பதை அழுத்த அவருக்குப் பஞ்சி, ஒரு விரல் அசைக்கச் சோம்பல். இருநூறை இருபதாக்கினாள். கடிதங்களின் முன்தோற்றத்தையும் நிறுத்தினாள். திரும்பப் போனபோது வட்டம் இரண்டு சுற்றுச் சுற்றி நின்றது.

மெயில் திறந்தது. மேலே சிவப்பில் ஒரு வரி: இடம் நிரம்பிவிட்டது, புதிய கடிதங்களை அனுப்பவோ பெறவோ முடியாது.

ஜெனிஸ்ரனிடமிருந்து ஒன்றும் வந்திருக்கவில்லை. வந்திருக்கவும் முடியாது.

எதனால் நிரம்பியது என்று பார்த்தாள். எல்லாம் வானிலைப் படங்கள். சங்கத்துக்குக் காலையில் வரும் காற்று, மழைப் படத்தை அப்பா ஒருநாளும் தவறாமல் ஜெனிஸ்ரனுக்கு அனுப்பியிருந்தார். போய்ச் சேர்ந்ததோ என்று பார்க்கத் தனக்கும் ஒரு பிரதி போட்டிருந்தார். அனுப்பியதில் ஒன்று, வந்ததில் ஒன்று. மகன் பிரேசில் பக்கம் போய்க்கொண்டிருக்கிறான், அப்பா பாக்கு நீரிணையின் காற்றை அனுப்பியிருக்கிறார்.

"அவன் நிக்கிற இடத்துக்கு இது உதவாதப்பா" என்று அவள் சொல்லிப்பார்த்தவள்தான்.

"கடல் எல்லாம் ஒண்டுதானே பிள்ளை" என்றார் மனுசன்.

அவளுக்குக் கோபம் வந்தது. செத்துக் கிடக்கிற மனுசனில் நல்ல கோபம். அந்தக் கோபத்தோடேயே எல்லாவற்றையும் தெரிவுசெய்து அழித்தாள். சிவப்பு வரி போகவில்லை. அழித்தவை குப்பைத்தொட்டியில் கிடக்குமட்டும் இடம் விடாது. அதை வேலைத்தலத்தில் ஆட்களுக்குப் படித்துப்படித்துச் சொல்பவள் அவள்தான்.

குப்பைத்தொட்டியைத் திறந்தாள். அப்பா எழுதியது படத்துக்கு மேலே ஒரு வரிதான். 'தம்பி இண்டைக்குக் கச்சான் காத்து கவனம்.' அடுத்ததிலும் ஏறக்குறைய அதுதான். அதற்கடுத்ததை அவள் திறக்கவில்லை.

"சுவாமி வந்திட்டாரடி. என்ன சொல்லுறது?" மாமி திரும்பவும் கதவால் எட்டிப் பார்த்தாள்.

"கொஞ்சம் நிக்கச் சொல்லுங்கோ."

நிரந்தரமாக அழிக்கவா என்று கணினி கேட்டது. ஓம் என்று அழுத்தினாள்.

இடமில்லாமல் வெளியே காத்துநின்ற கடிதங்கள் ஒவ்வொன்றாக உள்ளே வந்தன. முதலாவது அப்பா இறப்பதற்கு முதல்நாள் எழுதியது.

'அப்பா, ரெண்டு நாளாய் உங்கடை காத்துப்படம் வரேல்லை. சுகமில்லையோ? இஞ்சை எல்லாரும் படம் எங்கை எண்டு கேக்கினம்.'

அவள் வெறுமையாகிப்போன குப்பைத்தொட்டியைப் பார்த்தாள். பிறகு அடுத்ததைத் திறந்தாள்.

'அக்கா, கப்டன் கூப்பிட்டுச் சொன்னவர். கரைக்கு இன்னும் கனநாள் கிடக்கு. இறங்கேலாது. என்னைப் பாக்காதேங்கோ. அப்பாவை எடுங்கோ. அம்மாவைப் பார். பெட்டி மூட முதல் எனக்காண்டி ஒருக்கா அப்பாவைக் கொஞ்சிவிடு. நெத்தியிலை.'

கணினியைத் தூக்கிக்கொண்டு ஹோலுக்குப் போனாள். செபமாலை நின்றது. அம்மாவின் பக்கத்தில் குந்தி, 'அம்மாவைப் பார்' என்பதற்கு முந்திய இடம்வரை வாசித்தாள். மிச்சத்தை வாசிக்காமல் விட்டாள்.

அம்மா திரையைத் தடவிப் பார்த்தாள். அவளுக்கு எழுத்து வாசிக்கக் கண் தெரியாது.

"அவன்தானோ எழுதினது?"

"ஓம் அம்மா."

"அப்ப எடுங்கோ" என்றாள் அம்மா.

சுவாமி செபம் சொல்லித் தீர்த்தம் தெளித்தார். மூடியைத் தூக்க நான்கு ஆம்பிளையள் வந்து நின்றார்கள். அதற்கு முதல் சொந்தக்காரர் வரிசையாக வந்து முத்தமிட்டுக் கொஞ்சுவது வழக்கம். அம்மா கொஞ்சினாள், பெரிய சத்தமாக அழுதாள். மார்கிரட் மாமி அண்ணையின் கன்னத்தைப் பிடித்து ஏதோ கேட்டுக் கேட்டு அழுதாள். ஜெசிதாவின் முறை வந்தது. குனிந்து நெற்றியில் கொஞ்சினாள். பவுடர் மணந்தது. நெற்றி குளிர்ந்திருந்தது. அவளுக்கு அழுகை வரவில்லை.

பின்னால் ஆட்கள் நெருக்கினார்கள். அவள் நகரவில்லை. மாமி தோளைப் பிடித்து இழுத்தாள்.

"காணும் பிள்ளை. மற்றவையும் கொஞ்சவேணும்."

"விடுங்கோ மாமி. தம்பியின்ரை ஒண்டு இருக்கு."

மாமியின் கை தளர்ந்தது. அம்மா பெட்டி விளிம்பிலிருந்து கையை எடுத்து, அவள் குனிவதற்கு இடம்விட்டாள். ஜெசிதா திரும்பவும் குனிந்தாள். இந்தமுறை கொஞ்சம் நேரம் எடுத்தது.