வானத்துக்கு என்ன தேதி?

அலுவலகத்தில் அவருக்கு வைத்திருந்த பெயர் ஸ்கேல் அக்கா. நகரத்தின் சாக்கடை, தெருவிளக்கு, குடிநீர்க் குழாய் எல்லாவற்றையும் இருபத்திரண்டு வருடமாகப் படம் வரைந்தவர். கோடு அரை மில்லிமீட்டர் விலகினாலும் அன்றைக்கு அவருக்குச் சாப்பாடு இறங்காது.

அறிவியல் மையத்தின் முன்கூடத்தில் ஒரு முழுச் சுவருக்கு அண்டத்தின் வரைபடம் வேண்டும், கையால் வரைய ஆள் வேண்டும் என்று கடிதம் வந்தபோது, யாரும் கேட்பதற்கு முன்பே கையைத் தூக்கிவிட்டார். ஏழு மாதம் சாரத்தின் மேல் நின்று வரைந்தார். கழுத்து பிடித்துக்கொண்டது, முழங்கால் முறையிட்டது. ஆனாலும் தான் வரைந்ததை நாலு பேர் நின்று பார்ப்பார்கள் என்ற நினைப்பே அவரை மேலே ஏற்றிக்கொண்டிருந்தது. சாக்கடைப் படத்தை யார் நின்று பார்த்திருக்கிறார்கள்?

வெள்ளிக்கிழமை இயக்குநர் பார்க்க வருவார். பிடித்துவிட்டால் படம் நிற்கும். பிடிக்காவிட்டால், அச்சடித்த பெரிய புகைப்படம் ஒன்று சுருட்டி மூலையில் தயாராக நின்றது. அதை அப்படியே மேலே ஒட்டிவிடுவார்கள். ஸ்கேல் அக்கா சாக்கடைக்கே திரும்ப வேண்டியதுதான்.

திங்கட்கிழமை காலை, கடைசி வேலையாக, வலது கீழ் மூலையில் முத்து முத்தாக எழுதினார்: ‘இன்றைய நிலவரப்படி.’ அதன் கீழே தேதி.

மையத்தின் வானியல் ஆய்வாளர் தேநீர்க் கோப்பையோடு வந்தார். ஒல்லியாக, நெடுநெடுவென்று, கொஞ்சம் சாய்ந்து நிற்பதால் எல்லோருக்கும் அவர் டெலஸ்கோப்தான். மூலையைப் பார்த்ததும் சிரிப்பை அடக்க முடியாமல் தேநீரைச் சட்டையில் கொட்டிக்கொண்டார்.

“அக்கா, இது என்ன?”

“தேதி. கண்ணு தெரியல?”

“தெரியுது. எதுக்கு?”

“தேதி இல்லாத படம் என் மேஜையைத் தாண்டினதே இல்ல தம்பி. நாளைக்கு ஒருத்தன் வந்து, ‘இங்க ஒரு கிணறு இருந்துச்சே, எங்க?’ன்னு சட்டையைப் பிடிச்சா, தேதியைக் காட்டிட்டு நிம்மதியா இருக்கலாம்.”

“சரி. இந்தச் சூரியன் இன்னைக்கு நிலவரமா?”

“பின்ன, நேத்து நிலவரமா?”

“எட்டு நிமிஷம் பழசு. அதோட வெளிச்சம் இங்க வர அவ்வளவு நேரம் ஆகுது. இந்தப் பக்கத்து நட்சத்திரம் நாலு வருஷத்துக்கும் மேல. அதோ, ரெண்டு வாரம் உட்கார்ந்து புள்ளி வெச்சீங்களே ஆண்ட்ரோமெடா நட்சத்திரக் கூட்டம், அது இருபத்தஞ்சு லட்சம் வருஷத்துக்கு முன்னாடி இருந்த கோலம்.”

ஸ்கேல் அக்கா தூரிகையைக் கீழே வைத்தார். “ஏழு மாசமா வாயைத் தெச்சா வெச்சிருந்தே?”

“தினமும் சொன்னேனே! ஒளியாண்டு, ஒளியாண்டுன்னு.”

“அதை நான் தூரம்னு நெனச்சேன்.”

“தூரம்தான் அக்கா.”

“தூரத்துக்கு எதுக்குய்யா ஆண்டுன்னு பேர் வெச்சீங்க?”

டெலஸ்கோப் குனிந்து சட்டையைத் துடைத்துக்கொண்டார்.

“சரி, போகட்டும்” என்றார் அக்கா. “எல்லாத்தையும் இன்னைக்கு இருக்கற இடத்துக்கு நகர்த்திடலாம். கணக்கு போட்டுக் குடு.”

“கொஞ்சத்துக்குத் தோராயமா போடலாம். மீதி எங்க இருக்கு, இருக்கா இல்லையான்னே தெரியாதே. சேதி இன்னும் வந்து சேரல.”

“நல்லா இருக்கு போ. நீ ஃபோன்ல ‘இதோ வந்துட்டேன்’னு சொல்லிட்டு வீட்ல சட்டை தேடிட்டிருப்பே. உன் விஷயத்துல ஆள் வர்றதுக்கு முன்னாடி சேதி வந்துடுது. இதுங்க விஷயத்துல சேதி வர்றதுக்குள்ள ஆள் இடத்தைக் காலி பண்ணிடுது!”

“தேதியை அழிச்சிடுங்க அக்கா. யாரு கவனிக்கப்போறா?”

“நான் கவனிப்பேனே.”

ஆனாலும் அழித்தார். அழித்த இடம் பல் போன வாய் மாதிரி இருந்தது. பொய்யை எழுத மனமில்லை, எழுதாமல் விடவும் கை ஒப்பவில்லை. செவ்வாய் முழுக்க அந்த மூலையைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். வெள்ளிக்கிழமை இயக்குநர், ‘இது எப்போதைய படம்?’ என்று ஒரு கேள்வி கேட்டால் போதும். தலையைச் சொறிவதைத் தவிர வேறு வழி இல்லை. எப்போதையது என்று சொல்லத் தெரியாத படத்துக்கு ஒரு சுவரை யார் கொடுப்பார்கள்?

புதன்கிழமை மதியம் மனசு விட்டுப்போய், தன் பழைய நாற்காலி காலியாகத்தான் இருக்கிறதா என்று பார்க்க நகர அலுவலகத்துக்குப் போனார். காலியாகத்தான் இருந்தது, அதன் மேல் யாரோ குடையைக் காயவைத்திருந்தார்கள். முன்மேஜையில் ஒரே சத்தம். கைப்பையை இடுக்கிக்கொண்டு ஒரு அம்மாள் எழுத்தரை உலுக்கிக்கொண்டிருந்தார்.

“நான் ஆறு வருஷமா அங்க குடியிருக்கேன். உங்க படத்துல என் வீட்டு மேல குளம் இருக்கு! நான் என்ன மீனா?”

எழுத்தர் அலட்டிக்கொள்ளவில்லை. சுவரில் தொங்கிய நகரப் படத்தின் ஓரத்தில் இருந்த சின்னக் கட்டத்தைத் தட்டிக் காட்டினார். “கோவிச்சுக்காதீங்கம்மா. மொத்த ஊரையும் ஒரே நாள்ல யாராலயும் அளக்க முடியாது. இது பதினாறு தாள் சேர்ந்த படம். எந்தத் தாளை எப்ப அளந்தோம்னு இதுல போட்டிருக்கு. உங்க பக்கம் அளந்து பதினோரு வருஷம் ஆச்சு. அப்ப அங்க குளம்தான்.”

அந்த அம்மாள் கட்டத்தை உற்றுப் பார்த்தார். “அப்படின்னா அப்போ சரியாத்தான் வரைஞ்சிருக்கீங்க” என்று முனகினார்.

அந்தக் கட்டத்தை வரைந்ததே ஸ்கேல் அக்காதான். அவர் வாசலை நோக்கி ஓட ஆரம்பித்திருந்தார். “அக்கா, நாற்காலி...” என்று எழுத்தர் கூப்பிட்டது பின்னாலேயே நின்றுவிட்டது.

வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு இயக்குநர் வந்தார். மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு சுவரின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தார். மூலையில் இருந்த கட்டத்துக்கு முன்னால் நின்று, வாய்விட்டுப் படித்தார். ‘இந்தப் படம் ஒரே நாளில் அளக்கப்பட்டது அல்ல. நாம்: இன்று. நிலா: ஒன்றேகால் நொடிக்கு முன். சூரியன்: எட்டு நிமிடத்துக்கு முன். அடுத்த நட்சத்திரம்: நான்கு ஆண்டுக்கு முன்...’ அப்படியே இறங்கி, கோடிக்கணக்கான ஆண்டுகள் வரை வந்தார்.

“அப்ப இதுல பாதி இன்னைக்கு இல்லாமலே போயிருக்கலாமா?”

“இருக்கலாம் மேடம். ஆனா ஒவ்வொன்னும் அதது தேதிக்குச் சரி.”

“ஓரத்துல ஒரு சாண் வெறுமனே விட்டிருக்கீங்களே, பெயின்ட் தீர்ந்துபோச்சா?”

“அங்கிருந்து இன்னும் வெளிச்சம் வரல. கொஞ்சம் வழியில இருக்குன்னு தம்பி சொல்றாரு. வந்தா வரைய இடம் வேணுமே.”

டெலஸ்கோப் தலையை ஆட்டினார். இயக்குநர் சிரிக்கவில்லை.

“புதுசா வர்றதை யார் சேர்ப்பாங்க?”

“வரைஞ்சவங்கதான் மேடம். ஊர்ப்படத்துக்கும் அதுதான் வழக்கம்.”

“அப்ப உங்களை நான் எப்படிங்க திருப்பி அனுப்பறது?” இயக்குநர் கண்ணாடியை இறக்கிக்கொண்டார். பிறகு உதவியாளர் பக்கம் திரும்பி, “அந்தப் போட்டோவை எடுத்துட்டுப் போகச் சொல்லுங்க. கூடத்துல இடத்தை அடைக்குது” என்றார்.

அவர் போன பிறகு ஸ்கேல் அக்கா சாரத்தின் கீழ்ப்படியில் உட்கார்ந்தார். அழுகையா சிரிப்பா என்று அவருக்கே பிடிபடவில்லை. டெலஸ்கோப் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டே வந்தார்.

“அக்கா, இப்பதான் தகவல் வந்துது. ஒரு நட்சத்திரம் வெடிச்சிருக்கு. புதுசா ஒரு புள்ளி வைக்கணும்.”

அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு மிகச் சிறிய தூரிகையைத் தேடி எடுத்தார்.

“எந்தத் தாள்?”

“ரெண்டு கோடி வருஷத் தாள்.”

“சாரத்தைப் பிடிச்சுக்கோ” என்று சொல்லிவிட்டு ஏற ஆரம்பித்தார்.